ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

துபாயில் இருக்கும்போது, என் நாற்பத்தாறாவது வயதில், காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்கு மாரடைப்பு வந்தது. அன்றைக்கே மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். ஏழு வாரம் கழித்து, அறந்தாங்கிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அதிலிருந்து ரூமிலோ கம்பெனியிலோ யாருக்காவது நெஞ்சு விஷயமாக ஒன்று வந்தால் "அண்ணனைப் போய்க் கேள்" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நான் டாக்டர் இல்லை. எனக்கு டாக்டர்கள் சொன்னதும், நான் படித்ததும், பட்டதும்தான் இதில் இருக்கின்றன. உங்கள் கணக்கை உங்கள் டாக்டர்தான் போட வேண்டும்.

ஸ்டென்ட் வைத்து எத்தனை நாளில் விமானம் ஏறலாம்?

நாள் கணக்கைவிட இதயம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். பிரிட்டன் டாக்டர்கள் வைத்திருக்கும் வழிகாட்டுதல்படி, முதல் மாரடைப்பாக இருந்து, அடைப்பு நன்றாகத் திறந்து, வேறு சிக்கல் இல்லாதவர் 3 நாளிலேயே பறக்கலாம். நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு 10 நாள். இதயத்தின் பம்ப் பலவீனமாக இருந்தாலோ, இன்னொரு ஸ்டென்ட் பாக்கி இருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் நிற்பதற்குச் சமம். அதாவது திருச்சி வரும் வரை நாலு மணி நேரம் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. நன்றாக இருக்கும் இதயத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவருக்குக் கொடைக்கானல் கஷ்டம்தான்.

எனக்கு முன்னாடியே அனுமதி கிடைத்திருக்கும். ஆறாவது வாரம் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று டாக்டர் சொன்னதால் காத்திருந்தேன். ஊருக்குப் போய் முதல் வேலையாக ஆஸ்பத்திரி தேடி அலையாமல் இருந்தது அந்தக் காத்திருப்பால்தான்.

விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் ஏற்ற மாட்டேன் என்பார்களே?

சொல்லுங்கள். சமீபத்தில் மாரடைப்போ ஆபரேஷனோ ஆனவர்களுக்கு ஒரு மருத்துவப் படிவம் உண்டு. டாக்டர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். "பறக்கத் தகுதி உண்டு" என்ற கடிதம் கையில் இருந்தால் கவுன்ட்டரில் யாரும் மறிக்க மாட்டார்கள். மறைத்துவிட்டு ஏறி, நடுவானில் நெஞ்சைப் பிடித்தால் விமானம் வேறு ஊரில் இறங்கும்.

சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "நான் என்ன கிழவனா" என்று எனக்கும் தோன்றியது. துபாய் ஏர்போர்ட்டில் நடக்க வேண்டிய தூரம் தெரிந்தவர்களுக்கு அந்த ரோஷம் சீக்கிரம் போய்விடும். பெட்டியை நீங்கள் தூக்காதீர்கள். விமானத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ சிடி, ஸ்டென்ட் கார்டு, கடைசி எக்கோ ரிப்போர்ட். இதெல்லாம் எல்லோரும் எடுத்துப் போவார்கள். பலர் விட்டுவிடுவது கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி. தாள். மாரடைப்பு வந்துபோனவரின் ஈ.சி.ஜி. பிறகு எப்போதுமே கொஞ்சம் கோணலாக இருக்கலாம். ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்துப் பார்ப்பவருக்கு அது பழைய கோணலா, இன்றைக்கு வந்ததா என்று தெரியாது. பழைய தாள் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போனில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போகிற அன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பிராண்டின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் உள்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆஸ்பிரின் இத்தனை, குளோபிடோக்ரெல் இத்தனை, அட்டோர்வாஸ்டாடின் இத்தனை என்று. எங்கள் ஊர் மெடிக்கலில் துபாய் அட்டையைக் காட்டியபோது கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பெயரைச் சொன்னதும் உடனே எடுத்துக் கொடுத்தார்.

ஸ்டென்ட் மெட்டல் டிடெக்டரில் கத்துமா?

கத்தாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் கார்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா?

இதில்தான் நான் தப்பு பண்ணினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மனைவிக்கும் தம்பிக்கும் தெரியும். அம்மாவிடம் "கேஸ் ட்ரபிள், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் வச்சிருந்தாங்க" என்று சொல்லி வைத்திருந்தோம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, பிரஷர் வேறு. தாங்க மாட்டார் என்று நாங்களே முடிவு பண்ணிவிட்டோம். துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ போகும், பேச்சு போகாது. போட்டிம் மாதிரி ஆப்பில் கூப்பிட்டால்தான் உண்டு. அதனால் முகத்தைக் காட்டாமல் சமாளிப்பது சுலபமாக இருந்தது.

ஊருக்குப் போன அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? மூன்று வருஷம் கழித்து வந்த மகன் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். வழக்கம்போலப் பெட்டியைப் பிரித்தேன். கோடாரித் தைலம், பேரீச்சம்பழம், பால்பவுடர், சாக்லேட் என்று வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மதியம் ஆட்டுக்கறி. "என்னப்பா இப்படிக் கொறிக்கிற?" என்று அம்மா இன்னொரு கரண்டி போட, நான் சாப்பிட்டேன். சாயங்காலம் மாமா தோப்பைப் பார்க்கலாம் வா என்று கூப்பிட, போனேன். மூன்று நாள் இப்படி ஓடியது. நோயாளியாகப் போனவன் சபுராளியாக நடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கடல் கடந்து சம்பாதிக்கப் போனவரைச் சபுராளி என்பார்கள். வந்திருக்கும் சபுராளி படுக்கக் கூடாது. சிரித்த முகமாக இருக்க வேண்டும். அது ஒரு தனி வேலை.

நாலாவது நாள் அலமாரியில் இருந்த மாத்திரைப் பெட்டியை அம்மா எடுத்துப் பார்த்துவிட்டார். படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் அப்பா கடைசி இரண்டு வருஷம் சாப்பிட்ட அட்டை அவருக்கு நிறத்தை வைத்தே தெரியும். "இது உங்கப்பா மாத்திரை ஆச்சே" என்றார். அப்புறம் அரை மணி நேரம் பேசவில்லை. மாரடைப்புக்காக அவர் அழவில்லை. தன்னிடம் சொல்லவில்லையே என்றுதான் அழுதார்.

அன்றைக்கு இரவு ரசம் சோறு வந்தது. மறுநாள் என் கட்டில் மாடியிலிருந்து கீழே வந்தது. அதன்பிறகுதான் நான் ஓய்வெடுக்கவே தொடங்கினேன். ஆகவே என் பதில்: போவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். நேரே சொல்லத் தயக்கமாக இருந்தால், அவர்கள் மதிக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். "வந்துச்சு, சரி பண்ணியாச்சு, இப்போ நடமாடுறான், ஓய்வெடுக்க வர்றான்" என்ற வரிசையில் சொன்னால் போதும்.

விசாரிக்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

ஊரில் ஒரு வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால் விசாரிக்கப் போகாமல் இருப்பதுதான் தப்பு. அதனால் வரத்தான் செய்வார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆப்பிளோடும். வருகிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சு வலித்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அது முடிந்ததும் இதே மாதிரி வலி வந்து போய்ச்சேர்ந்த ஒருவரின் கதையை அவர்கள் சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு நாளில் ஏழு பேர் வந்தால் ராத்திரி தூக்கம் வராது.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். திண்ணையில் அவன் உட்கார்ந்துகொண்டு கதையை அவனே சொல்லிவிடுவான். "அண்ணன் இப்பதான் மாத்திரை போட்டுப் படுத்தாரு" என்று காபி கொடுத்து அனுப்புவான். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் நான் வெளியே வந்து உட்காருவேன். ஒரு வாரத்தில் ஊருக்கே அந்த நேரம் பழகிவிட்டது.

சாப்பாடு? அம்மா கையால் சாப்பிடத்தானே ஊருக்குப் போகிறோம்?

சாப்பிடுங்கள். ரூமில் பரோட்டாவும் பொரித்த கோழியும் சாப்பிட்டதற்கு ஊர்ச் சாப்பாடு எவ்வளவோ மேல். கேழ்வரகுக் கூழ், கீரை மசியல், கொள்ளு ரசம், குழம்பில் போட்ட மீன் எதற்கும் யாரும் தடை சொல்லவில்லை. சிக்கல் உப்பில் இருக்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இந்த நான்கும் தட்டின் ஓரத்தில் இருப்பதால் கணக்கிலேயே வராது. ஒரு நாள் உப்பு மொத்தமும் அங்கேதான் இருக்கும். எனக்குக் கருவாட்டை விடுவது சிகரெட்டை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. (சிகரெட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். அதில் பேச்சுக்கே இடமில்லை.)

இளநீர் உடம்புக்கு நல்லது என்று தினமும் மூன்று வெட்டிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய. ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், சிறுநீரகம் கொஞ்சம் சுணங்கியவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். எத்தனை குடிக்கலாம் என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். கொல்லையில் பம்ளிமாஸ் மரம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு அந்தப் பழம் ஒத்துப்போகாது.

"உடம்பு இளைச்சுப் போச்சே" என்று சொல்லி ஆட்டுக்கால் சூப்பும் நெய்யுமாக ஊற்றுவார்கள். இளைத்தது நல்லதற்குத்தான் என்று டாக்டர் வாயால் சொன்னால்தான் எடுபடும். நான் அம்மாவைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். நான் பத்து நாளாகச் சொல்லியும் கேட்காதவர், அவர் ஒரு தடவை சொன்னதும் நெய் டப்பாவை உறியில் ஏற்றிவிட்டார்.

நாட்டு மருந்து சாப்பிடலாமா?

பூண்டு, இஞ்சி, வெந்தயம் சமையலில் சேர்வது சமையல். அதில் யாருக்கும் வழக்கில்லை. அடைப்பைக் கரைக்கும் என்று லேகியம், சூரணம், பஸ்பம் கொண்டுவந்து கொடுத்து "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடு" என்று சொல்கிறவரை மட்டும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளை (ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் மாதிரி இன்னொன்றும்) பெரும்பாலும் ஓராண்டு கொடுப்பார்கள். அதை நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்க வேண்டும் என்றால்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல், உடம்பு வலி வந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கலாமா?

ஊரில் நமக்கு இருக்கும் பெரிய ஆபத்தே அந்த மெடிக்கல்தான். கைகால் வலி என்று போனால் டைக்ளோஃபெனாக் கொடுப்பார்கள். மாரடைப்பு வந்தவர் அந்த வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாத மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். அதற்கு வேறு மாத்திரை இருக்கிறது. கடையில் வாய் திறக்கும்போதே "ஸ்டென்ட் வச்சிருக்கு" என்று ஆரம்பியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் கொசுவலையை மறக்க வேண்டாம். டெங்குவில் ரத்தத் தட்டுகள் குறையும். நாம் சாப்பிடுவதோ அந்தத் தட்டுகளை வேலை செய்யவிடாத மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு பெரிய தொல்லை. ஆகவே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். சித்திரை வெயிலில் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. பிரஷர் மாத்திரையும் சிறுநீர் போகும் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நின்றால் தலை சுற்றி விழுவீர்கள்.

நடக்கலாமா? வண்டி ஓட்டலாமா?

நடந்தே ஆக வேண்டும். நான் காலையில் கண்மாய்க் கரையில் பத்து நிமிடத்தில் ஆரம்பித்தேன். இரண்டாவது மாதம் தைலமரக் காடு வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் அளவு. மோட்டார் அடியில் குனிந்து பெல்ட் மாட்டுவது, நெல் மூட்டை தூக்குவது எல்லாம் வேண்டாம். பைபாஸ் ஆனவர்களுக்கு நெஞ்செலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பைக்கைத் தொடாதீர்கள்.

வெட்கப்பட்டுக் காதோடு கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில். மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கையில் இருப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

வீட்டில் வேண்டிக்கொண்டிருக்கிறார்களே?

என் அம்மா பழனிக்கு வேண்டியிருந்தார், 693 படியும் நான் ஏறுவதாக. முருகனுக்கு ரோப் காரும் விஞ்சும் தெரியாததா என்ன? விஞ்சில் போய் மொட்டை போட்டு வந்தோம். சபரிமலைக்கு மட்டும் அந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீலிமலை ஏற்றம் நல்ல உடம்புக்காரரையே உட்கார வைத்துவிடும்.

ராத்திரியில் மறுபடி நெஞ்சு வலித்தால்?

"வாயுவாத்தான் இருக்கும், சோடா குடி, ஏப்பம் வந்தா சரியாப்போயிடும்" என்று ஒருவராவது சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் சொன்னபடி வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் மயக்கம் வரும். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் 108. போன் பண்ணும் ஆளுக்கு வழி சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் தெருமுனைக் கோவில் பெயரோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தோம்.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின்) கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். போன அன்றைக்கே உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையம் எது, ஸ்டென்ட் வைக்கும் வசதி எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

வலி இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது. இது சரியா?

எனக்கும் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது ரொம்ப சகஜம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வெளியே சொல்லத் தைரியம் வந்தது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

லீவு, விசா, பணம்?

அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, சோதனைக் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் வரை நோய் விடுப்பு உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளம் இல்லை. முடியாமல் போன மூன்று வேலை நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் விடுப்பை ஊரில் கழிக்கலாமா என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பிறகு எடுபடாது. நான் முதல் 45 நாளை இங்கேயே கழித்துவிட்டு, ஊரில் இருந்ததற்கு ஆண்டு விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் போட்டேன்.

சாதாரணக் குடியிருப்பு விசாவில் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும். இங்கத்திய இன்சூரன்ஸ் இந்தியாவில் செல்லுமா என்று அட்டையைப் பார்த்துக் கேளுங்கள். எனக்குச் செல்லவில்லை. ஊரில் ஆனது எல்லாம் கைக்காசு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வந்தவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காகிதத்தைத் தேடி எடுங்கள். 275 ரூபாயோ 375 ரூபாயோ கட்டிய ஞாபகம்கூடப் பலருக்கு இருக்காது. அது பெரும்பாலும் விபத்துக்கான காப்பீடு என்றாலும், உடம்பு முடியாமல் திரும்புகிறவருக்கும் அதில் சில வரிகள் இருக்கின்றன.

திரும்பி வரும்போது டிராமடால், கோடீன் கலந்த கடுமையான வலி மாத்திரை இருந்தால் அமீரக அரசின் அனுமதியை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்க வேண்டும். மற்ற மாத்திரைகள் அட்டையோடும் சீட்டோடும் இருக்கட்டும்.

ஊரோடு இருந்துவிடலாம் என்று தோன்றவில்லையா?

தோன்றியது. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, திரும்பி வந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கே வந்து அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுப்பார். ஒரு நாள் அவர் எனக்கும் பிரஷர் பார்த்துவிட்டு, "அம்மாவோட டப்பாவைக் காட்டுங்க" என்றார். மூன்று மாத மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. என்னிடம் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

இப்போது தினமும் துபாய் நேரம் ஆறரைக்கு, ஊரில் எட்டு மணிக்கு, வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். வீடியோவைப் போட்டுத்தான். அம்மா மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டுவார். அப்புறம் "உன்னோடதக் காட்டு" என்பார்.